தறி எந்த அறையில் இருக்கும்?



பரண் சாமான்களை எப்படி ஒழுங்கு பண்ணுவது என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நாலைந்து பேர், "பரண் இருந்தால்தானே ஒழுங்கு பண்ண! எங்களுடையது புது வீடு, பரணே வைக்கவில்லை. வீடு கட்டும்போது பெண்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதுங்களேன்" என்று கேட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ என்ன என்ஜினீயரா?" என்று சிரிக்கிறார். இல்லைதான். ஆனால் வீட்டைக் கட்டுகிற மேஸ்திரி ஆறு மாசத்தில் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதற்குள்ளே நாற்பது வருஷம் குனிந்து நிமிர்கிறவள் யார்?

அதனால் இந்தத் தடவை வீட்டைப் பற்றி. அதிலும் எனக்குத் தெரிந்த வீட்டைப் பற்றி, அதாவது தறி இருக்கிற வீட்டைப் பற்றி எழுதுகிறேன். உங்கள் வீட்டில் தறி இல்லாமல் இருக்கலாம். தையல் மெஷின் இருக்கும், அப்பளம் இடுகிற பலகை இருக்கும், மாவு அரைத்து விற்கிற கிரைண்டர் இருக்கும். நான் தறி என்று எழுதுகிற இடத்தில் அதைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தேசூர், திருவண்ணாமலை மாவட்டத்தில் வந்தவாசிப் பக்கத்துப் பேரூராட்சி. ஆரணிப் பட்டு என்று கடையில் கேட்டு வாங்குகிறீர்களே, அது முழுக்க ஆரணி டவுனிலேயே நெய்ததில்லை. எங்களைப் போன்ற சுற்றுப்பட்ட ஊர்களில், ஓட்டு வீடுகளுக்குள்ளே, குழித்தறியில் நெய்ததும் அதில் உண்டு. இப்போது எங்கள் தெருவில் அந்த ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இறங்கி, காங்கிரீட் வீடு எழும்புகிறது. சந்தோஷம்தான். ஐப்பசி மழையில் அண்டா, குண்டான், சொம்பு என்று வீடு முழுக்க வைத்து ஒழுகலைப் பிடித்தவள் நான். காங்கிரீட் வேண்டாம் என்று யாருக்கும் உபதேசம் பண்ண மாட்டேன்.

எதிர் வீட்டு மருமகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து ஏழு மாசம் ஆகிறது. அவர்களுக்கும் அரசாங்க உதவியில் வீடு கட்ட உத்தரவு வந்திருக்கிறது. மேஸ்திரி ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தாராம், அதை எடுத்துக்கொண்டு வந்தாள். "அத்தே, கொஞ்சம் பாருங்களேன். எல்லாம் இருக்குது, ஆனா ஏதோ ஒண்ணு இல்லாத மாதிரி தோணுது" என்றாள். பார்த்தேன். ஹால், படுக்கையறை, சமையலறை, குளியலறை, கக்கூஸ். சதுரம் சதுரமாக, அழகாகத்தான் இருந்தது.

"தறி எங்கேம்மா?" என்றேன்.

"அதுதாங்க அத்தே!"

மேஸ்திரியைக் குறை சொல்ல முடியாது. அவர் கட்டுகிற அத்தனை வீட்டுக்கும் அந்த ஒரே படம்தான். இடமும் அவ்வளவுதான். 2015-ல் தொடங்கின பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில், நகர்ப்புறத்து ஏழைக் குடும்பத்துக்கு 30 சதுர மீட்டர் வரை என்று வைத்தார்கள். நம் கணக்கில் சுமார் 323 சதுர அடி. கிராமத்து வீட்டுக்குக் குறைந்த அளவு 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி. 2011-ல் தமிழ்நாட்டில் வந்த பசுமை வீடு 300 சதுர அடி. 2024-ல் வந்த கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி.

எங்கள் வீட்டுத் தறியை டேப் வைத்து அளந்தேன். நீளம் 12 அடி, அகலம் 6 அடி. அதைச் சுற்றி ஆள் போய்வர, ராட்டையைப் போட்டு நான் உட்கார்ந்து தார் சுற்ற, இன்னொரு 3 அடி அகலம் வேண்டும். ஆக 108 சதுர அடி. 323-ல் மூன்றில் ஒரு பங்கு! 269 ஆனால் ஐந்தில் இரண்டு பங்கு. இவ்வளவு பெரிய சாமானை எந்த அறையில் வைப்பது என்று படத்தில் யாரும் யோசிக்கவில்லை. கட்டில் போட இடம் காட்டியிருந்தது. கட்டில் சோறு போடுமா?

தறி வீட்டை விட்டு வெளியே போனால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். எங்கள் தெருவிலேயே நடந்திருக்கிறது. வீட்டுக்காரர் இன்னொருத்தர் கொட்டகையில் கூலிக்கு நெய்யப் போவார். அதில் பெரிய அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் பட்டுச் சேலை ஒரு ஆள் வேலை அல்ல. கோர்வைக் கரை போட்டால், அந்தப் பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள ஒரு கை வேண்டும். தார் சுற்ற ஒரு கை, அறுந்த இழையை முடிய ஒரு கண். இதெல்லாம் வீட்டில் இருக்கிற பெண்தான், உலை கொதிக்கிற நேரத்துக்கும் பிள்ளை தூங்குகிற நேரத்துக்கும் நடுவில் செய்கிறாள். தறி வீட்டில் இல்லை என்றால் அவள் கை சும்மா. செய்யாறு சிப்காட் கம்பெனி வேலைக்கு வேன் ஏறலாம். ஏறுகிறவர்கள் ஏறட்டும், மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது. ஏழு மாசக் குழந்தையை மடியில் வைத்திருக்கிறவள் எப்படி ஏறுவாள்?

தறியை ஏன் மண் தரையில் குழி வெட்டி இறக்குகிறோம் என்பதற்கும் காரணம் உண்டு. பட்டு இழைக்கு ஈரக்காற்று பிடிக்கும். வறண்டு போனால் முறுக்கிக்கொண்டு டப்பென்று அறும். குழிக்குள்ளே மண் குளிர்ந்திருக்கும், பாவுக்குக் கீழிருந்து அந்த ஈரம் ஏறும். சித்திரை வைகாசியில் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் ஓட்டலாம். இதே தறியைச் சிமெண்டுத் தரையில், வெயிலில் காய்ந்த தளத்துக்குக் கீழே போட்டால் நெய்கிற நேரத்தை விட இழை முடிகிற நேரம் அதிகமாகும். குழித்தறியிலும் தொந்தரவு இருக்கிறது. அடைமழையில் குழியில் தண்ணீர் ஊறி, பத்து நாள் தறி சும்மா நிற்கும். மிதிபலகையில் கால் வைத்தால் சில்லென்று ஏறும், முழங்கால் வலி அங்கிருந்துதான் ஆரம்பம். எங்கள் மாமனார் காலத்திலிருந்து இது ஓயாத பேச்சு.

என் மகள் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறாள். வீட்டைப் பற்றி நான் பேச ஆரம்பித்ததும் அவள் புத்தகங்களை எடுத்து முன்னே வைத்தாள். ஒரு லீவு நாளில் முட்டுக்காட்டுக்கும் கூட்டிக்கொண்டு போனாள். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிற வழியில் தட்சிணசித்ரா இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். 1996 டிசம்பரில் திறந்தது. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், கர்நாடகம் என்று நாலு பக்கத்துப் பழைய வீடுகளை, இடிக்க இருந்த இடத்திலிருந்து தூண் தூணாக, கதவு கதவாகப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டைப் பார்க்கத்தான் எல்லோரும் கூட்டமாக ஓடுகிறார்கள். நான் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீட்டுக்குள் போய் நின்றுகொண்டேன். பிறந்த வீட்டுக்குள் போன மாதிரி இருந்தது. நம் வீட்டைக்கூட ஒருத்தர் மதித்து, தூக்கி வந்து நிறுத்தியிருக்கிறாரே என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகள் போட்டோ எடுக்கிறேன் என்று என் மானத்தை வாங்கினாள்.

அங்கேயே கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடும், ஆந்திரத்து இக்கத் நெசவாளர் வீடும் இருக்கின்றன. மூன்று ஊர், மூன்று பாஷை, சுவர் வேறு, கூரை வேறு. ஆனாலும் மூன்றும் தொழிலுக்கென்று கட்டின வீடு. தறிக்கு இடம் விட்டுவிட்டு, மிச்சத்தில் மனுஷர் குடியிருந்திருக்கிறார்கள். இன்றைக்கு நாம் கட்டுகிறது தலைகீழ்.

தட்சிணசித்ராவின் அமைப்பை வகுத்துக் கொடுத்தவர் லாரி பேக்கர். அதை நின்று கட்டினவர் பென்னி குரியகோஸ் என்கிற கேரளத்துக் கட்டடக் கலைஞர். பேக்கரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1917-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் பிறந்தவர். இந்தியாவுக்குத் தொழுநோயாளிகளுக்குக் கட்டடம் கட்ட வந்தார், எலிசபெத் என்கிற மலையாளி டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டார், கடைசியில் திருவனந்தபுரத்தில் தங்கி அங்கேயே 2007-ல் காலமானார். யுத்த காலத்தில் பம்பாயில் காந்திஜியைப் பார்த்தாராம். பழந்துணியில் தானே தைத்துக்கொண்ட செருப்பைப் போட்டிருந்தாராம், அதைப் பார்த்துத்தான் காந்திஜி பேச்சுக் கொடுத்தாராம். வீடு என்றால் ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கிற பொருளால் கட்ட வேண்டும் என்று காந்திஜி சொன்னதைப் பேக்கர் ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தேசூரைச் சுற்றி ஐந்து மைலில் ஏரி மண் இருக்கிறது, செங்கல் இருக்கிறது, கல் இருக்கிறது, பனை இருக்கிறது. சிமெண்டும் கம்பியும்தான் லாரியில் வரவேண்டும்.

திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்துப் பக்கத்தில் சுருள் சுருளாக ஏறுகிற காபி ஹவுஸைப் பார்த்தவர்கள் பேக்கரின் கைவேலையைப் பார்த்துவிட்டவர்கள். ஆனால் என் மனசில் நின்றது அது இல்லை. பூந்துறை என்று கடலோரத்தில் ஒரு மீனவர் ஊர், திருவனந்தபுரத்துக்குப் பக்கம்தான். 1970-களின் நடுவில் அங்கே மீனவர்களுக்குச் சின்னச் சின்ன வீடுகள் கட்டினார். சாதாரணமாக அரசாங்கக் குடியிருப்பு என்றால் ரயில் பெட்டி மாதிரி ஒரே கோட்டில் நிற்கும். இவர் ஒன்றை முன்னே இழுத்து, ஒன்றைப் பின்னே தள்ளி வைத்தார். எல்லா வீட்டுக்கும் கடல் காற்று. முன்னால் விழுந்த இடத்தில் வலை காயப் போடலாம், பிள்ளைகள் விளையாடலாம். வீட்டுக்குள் படுக்கப் பரண். சுவரில் செங்கல்லை விட்டுவிட்டு வைத்துச் சல்லடை. ஜன்னல் செலவும் மிச்சம், காற்றும் மிச்சம். மீனவன் வீட்டுக்கு முதலில் வேண்டியது வலை காய இடம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறதே! நெசவாளி வீட்டுக்குப் பாவு அப்படி. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் எதிர் வீட்டு விஷயம்.

மேஸ்திரியை வரச் சொல்லி, அந்தப் பெண், அவள் மாமியார், என் மகள், நான், எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்தோம். "நாலு பொம்பளைங்க சேர்ந்து எனக்குப் பரீட்சை வைக்கிறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார், நல்ல மனுஷர். ஹாலும் படுக்கையறையும் நடுவில் சுவர் வைத்து இரண்டு சிறிய அறையாக இருந்ததை ஒரே நீள அறையாக்கச் சொன்னோம். அதன் ஒரு பாதி தறிக்கு. தறிக்கு வடக்கு ஜன்னல். தெற்கிலும் மேற்கிலும் வெயில் நேராக அடித்தால் கண் கூசும், சாயமும் வெளுக்கும். வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். நெய்கிறவர் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார் என்று கேட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்தோம். எதிரே விழுந்தால் கண் வலி, முதுகில் விழுந்தால் தன் நிழலிலேயே நெய்ய வேண்டும்.

தறி பாகத்துக்கு மட்டும் சிமெண்டுத் தரை போட வேண்டாம், மண்ணை இடித்துக் கெட்டியாக விடுங்கள் என்றோம். குழியின் பக்கச் சுவருக்குச் செங்கல் வைத்து, வீட்டுத் தரையை வெளித் தெருவை விட இரண்டு அடிக்குக் குறையாமல் உயர்த்தினால் மழைத் தண்ணீர் குழிக்குள் ஊறுவது பெருமளவு குறையும். தவழ்கிற குழந்தை இருக்கிற வீடு, ஆகவே குழிக்கு ஒரு பலகை மூடி. இதை அழுத்தி எழுதுகிறேன். தறியிலிருந்து எழுந்தால் மூடியைப் போட்டுவிட்டுத்தான் அந்தண்டை போக வேண்டும்.

உயரம் இன்னொரு விஷயம். எங்கள் தறியில் ஜக்கார்டு பெட்டியின் உச்சி தரையிலிருந்து 9 அடிக்கு மேல் நிற்கிறது. அதற்கும் மேலே அட்டை மாற்றக் கை போக வேண்டும். படத்தில் தளத்து உயரம் 9 அடி என்று இருந்தது! ஒன்று, தளத்தை உயர்த்த வேண்டும், அல்லது தறியைத் தரையோடு இன்னும் தாழ்த்த வேண்டும். பத்தரை அடி என்று முடிவாயிற்று. சுவர் ஒன்றரை அடி ஏறினால் கல்லும் கூலியும் ஏறும். அந்தச் செலவை எங்கே பிடிப்பது?

இங்கேதான் பேக்கர் கை கொடுத்தார். அவர் சுவர் கட்டுகிற முறைக்கு எலிப்பொறிக் கட்டு என்று பேர். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, இரண்டு வரிசைக்கு நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது. 9 அங்குலச் சுவர்தான், ஆனால் கல் சுமார் கால் பங்கு குறையும். நடுவில் காற்று நிற்பதால் வெயில் சட்டென்று உள்ளே வராது. மேஸ்திரி முதலில், "நிக்குமாம்மா அது?" என்றார். மகள் அவளுடைய ஆசிரியரிடம் கேட்டு, மூலையிலும் கதவு ஜன்னல் ஓரத்திலும் பொந்தில்லாமல் கெட்டியாகக் கட்ட வேண்டும் என்று படம் போட்டுக் கொடுத்தாள். மேஸ்திரி ஒரு மாதிரிச் சுவர் கட்டிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

தளத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. காங்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் இழுவையைத் தாங்குவது கம்பிதான். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் அடியில் இருக்கிற காங்கிரீட்டுக்கு அவ்வளவாக வேலை கிடையாது. அந்த இடத்தில் பழைய சீமை ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வார்த்துவிடலாம். காங்கிரீட் மிச்சம், கனம் குறைவு. ஓட்டுக்கு நடுவில் காற்று மாட்டிக்கொள்வதால் சூடும் கொஞ்சம் குறையும். கம்பி எவ்வளவு தூரத்தில் வர வேண்டும் என்பதை என்ஜினீயர்தான் சொல்ல வேண்டும், கண் மதிப்பில் பண்ணக் கூடாது. ஆனால் ஓடு யாரிடம் வாங்க வேண்டும்? வீட்டை இடித்ததும் ஓட்டைப் பழைய விலைக்கு ஏற்றி அனுப்பிவிடுகிறோமே, அதே ஓடுதான்! மாமியார் கூரையில் இருந்த ஓடு மருமகள் தளத்துக்குள்ளே போகும். அந்த அம்மாளுக்கு இந்தப் பேச்சுதான் ரொம்பப் பிடித்தது. "அப்போ என் வீடு முழுக்கப் போகலைன்னு சொல்லு" என்றாள்.

இன்னொன்று, தளம் வார்ப்பதற்கு முன்னாலேயே தூளி கட்ட ஒரு வளையம், தறிக்கு மேலே கயிறு கட்ட நாலு வளையம், கம்பியோடு கட்டி உள்ளே விட்டுவிடுங்கள். வார்த்த பிறகு டிரில் போட்டால் தளத்துக்கும் கெடுதல், மனசுக்கும் கெடுதல். தூளி, தறிக்கும் அடுப்புக்கும் நடுவில், உங்கள் கை எட்டுகிற தூரத்தில் வர வேண்டும். ஆனால் அடுப்புப் புகை, தாளிப்பு நெடி தறிப் பக்கம் போகக் கூடாது. பட்டும் கெடும், பிள்ளைக்கு இருமலும் வரும். சமையலறைக்கு மேல்பக்கம் ஒரு சல்லடைத் திறப்பு வைத்து, காற்று தறியிலிருந்து அடுப்புப் பக்கம் போகும்படி பார்த்துக்கொண்டோம்.

நெசவாளர்கள் தறிக்கூடம் கட்ட மத்திய அரசின் கைத்தறித் திட்டத்தில் தனியாக உதவி தந்திருக்கிறார்கள். வீட்டு உதவியும் அதுவும் வேறு வேறு. உங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் இந்த வருஷம் உண்டா என்று, அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டி முடித்த பிறகு போய் நிற்பதில் பிரயோஜனம் இல்லை.

சரி, பாவுக்கு வருகிறேன். ஒரு சேலை 6 கஜம். ஒரு பாவில் மூன்று சேலை என்றால் 18 கஜம், 54 அடி. ரவிக்கைத் துண்டும் சேர்த்தால் இன்னும் நீளும். எந்த வீட்டுக்குள் 54 அடி நீட்டுவது? தெருவில்தான். விடியற்காலை வெயில் ஏறுவதற்கு முன்னால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பாவை நீட்டி, நடுநடுவே மூங்கில் தாங்கி வைத்து, கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்துவிட வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்கு நாலு வீட்டார் கை கொடுப்பார்கள். தெரு எங்களுக்குப் போகிற வழி மட்டும் இல்லை, எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரு அறை. அதற்குக் கதவு கிடையாது, வாடகை கிடையாது. எந்தப் படத்திலும் அது வராது, அதனால்தான் காணாமல் போகும்போது யாருக்கும் தெரிவதில்லை.

அந்த அறைக்குத் திண்ணைதான் உட்காரும் இடம். தார் சுற்றுவதும், அரிசி புடைப்பதும், பேறுகாலத்துப் பெண் காற்று வாங்குவதும், வயசானவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அங்கேதான். புதுப் படங்களில் முதலில் பறிபோவது திண்ணை. "வேஸ்ட் இடம்மா, ஹாலை முன்னே இழுத்துடலாம்" என்பார்கள். பி.வி. தோஷி என்ற பெரிய கட்டடக் கலைஞர் அப்படி நினைக்கவில்லை. 2018-ல் பிரிட்ஸ்கர் விருது வாங்கினார். கட்டடக் கலைக்கு உலகத்தில் அதுதான் பெரிய விருது, இந்தியாவில் முதலில் வாங்கினவர் அவர். 2023-ல் அகமதாபாத்தில் காலமானார். மத்தியப் பிரதேசத்து இந்தூருக்குப் பக்கத்தில் ஆரண்யா என்று ஏழைகளுக்கு ஒரு குடியிருப்பு 1980-களில் வகுத்தார். சுமார் 6,500 மனை. மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர்தான். அதில் அடித்தளமும், தண்ணீர், கழிப்பறை வசதியும், ஒரு அறையும். மிச்சத்தைக் கையில் காசு வரவர அவரவர் கட்டிக்கொள்ள வேண்டியது. வீடு குடும்பத்தோடு கூட வளரும்! மாதிரிக்காக அவர் கட்டிக் காட்டின வீடுகளில் தெருவைப் பார்த்து மேடை வைத்தார். அந்தப் பக்கத்தில் ஓட்லா என்கிறார்கள். நம் திண்ணையேதான். அவ்வளவு சின்ன மனையிலும் திண்ணையை விடவில்லை, பாருங்கள். அந்தக் குடியிருப்புக்கு 1995-ல் ஆகா கான் விருது கிடைத்தது.

என் மகள் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் எத்தனையோ பேர் வந்து வீடு கட்டிக் கொடுத்தார்கள். பல இடத்தில் மரத்தையெல்லாம் வெட்டிவிட்டு, ஒரே அச்சில் வரிசை வரிசையாக மொட்டைத் தள வீடுகள். தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு கட்டின வீடுகளுக்கு, தட்சிணசித்ராவைக் கட்டின அதே பென்னி குரியகோஸ் படம் போட்டார். அங்கே குடியிருக்கப் போகிறவர்களையும் கலந்து பேசித்தான் கட்டினார்கள் என்று படித்தாள். எங்கள் திண்ணையில் நாலு பெண்கள் உட்கார்ந்து மேஸ்திரியைக் கேள்வி கேட்டதும் அதே காரியம்தான், சின்ன அளவில்.

எதிர் வீட்டுப் படத்திலும் 3 அடி அகலத்துக்குத் திண்ணை வைத்தாயிற்று. அதற்காக நீள அறையில் ஒரு அடி குறைந்தது, அவள் வீட்டுக்காரருக்கு இன்னும் அதில் மனத்தாங்கல்தான்.

தெரு விஷயம் மட்டும் முடிந்தபாடில்லை. சிமெண்டு ரோடு வந்ததிலிருந்து முளை அடிக்க மண் இல்லை. பாவைக் கட்டி இழுக்க இரண்டு கோடியிலும் பிடிமானம் வேண்டும். இப்போதைக்கு ஒரு வீட்டுத் தூணிலும், எதிர்க் கோடியில் ஒரு வேப்பமரத்திலும் கட்டுகிறோம். அடுத்த தடவை ரோடு போடும்போது இரண்டு பக்கமும் இரும்புக் குழாயை மூடியோடு பதித்துவிட்டால், வேண்டும்போது முளையைச் சொருகிவிட்டு, மற்ற நேரத்தில் வண்டி மேலேயே போகலாம். காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை அந்தத் தெருவில் மோட்டார் சைக்கிள் வராமல் இருந்தால் போதும். பகுதி சபைக் கூட்டம் எப்போது வைத்தாலும் இதை எழுதிக்கொண்டு போவதாக எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறோம். வீட்டுக்காரர்கள் இல்லை, எட்டும் பெண்கள்.

காஞ்சிபுரம், சின்னாளப்பட்டி, பரமக்குடி, திருபுவனம் பக்கத்து நெசவாளர் வீட்டுச் சகோதரிகள் யாராவது படித்தால், உங்கள் தெருவில் சிமெண்டு ரோடு வந்த பிறகு பாவை எங்கே நீட்டுகிறீர்கள், முளைக்கு என்ன பண்ணினீர்கள் என்று கட்டாயம் எழுதுங்கள். புது வீட்டில் தறியை எந்த அறையில் வைத்தீர்கள் என்பதைக் கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு படமும் போட்டு அளவோடு அனுப்புங்கள்.